நீரில் வேரூன்றும் அழகுச் செடிகள்

ஜொகூர் மாநிலத்துக் காட்டு ஓடைகளில், பாதி நீரிலும் பாதி வெளியிலுமாக வளரும் செடிகள் பல உண்டு. தாவர நூலார் கிரிப்டோகொரைன் என வழங்கும் செடியினம் அவற்றுள் ஒன்று. மீன் தொட்டிகளை அழகுபடுத்த அதனைப் பல நாட்டினரும் விரும்பி வளர்க்கின்றனர். இத்தகைய செடிகளின் இயல்பை அறிந்தால், சிறிய லயத்து வீட்டிலும் ஒரு போத்தல் நீரில் பசுமையைக் காணலாம்.

வேரும் சுவாசிக்கிறது. தேங்கிய நீரில் காற்று குறைவு. ஆகவே பல செடிகளின் வேர்கள் அதில் அழுகுகின்றன. ஈரநிலச் செடிகளிலோ தண்டு முதல் வேர் வரை நுண்ணிய காற்றறைகள் அமைந்துள்ளன. மேலிருந்து வரும் காற்று அவற்றின் வழியே வேரை அடைகிறது.

குடை விரித்தாற்போன்ற இலைகளையுடைய கோரைச் செடி இதற்கு ஏற்றது. அதன் தலைப்பகுதியைச் சிறிது தண்டுடன் வெட்டி, இலைகளைக் கத்தரித்து, தலைகீழாக நீரில் இடுக. சில வாரங்களில் வேரும் தளிரும் தோன்றும். மணி பிளாண்ட் ஈரநிலச் செடியன்று. எனினும் கணுவிற்குக் கீழே வெட்டி நீரில் வைத்தால், புதிதாய்த் தோன்றும் வேர் நீருக்குப் பழகிக்கொள்ளும்.

குழாய் நீரை ஓரிரவு திறந்து வைத்துப் பயன்படுத்துதல் நலம். இலை எதுவும் நீரில் மூழ்கலாகாது. வேரின் மேற்பகுதி சிறிது வெளியே இருத்தல் வேண்டும். கண்ணாடிப் போத்தலைக் கருந்தாளால் சுற்றினால் பாசி படராது. உரம் மிகச் சிறிதளவே போதும். மிகுந்தால் வேர் கருகும்.

இனி முக்கியமான எச்சரிக்கை ஒன்று. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரையே நாடுகிறது. 2001ஆம் ஆண்டில், நீரில் வைத்துச் சீனாவிலிருந்து அனுப்பப்பட்ட ‘அதிர்ஷ்ட மூங்கில்’ செடிகளுடன் ஏடிஸ் இனக் கொசு ஒன்று அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சென்றடைந்தது. நம் நாட்டில், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு வளர இடமளிப்பது குற்றமாகும்.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆதலின் வாரந்தோறும் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் தவறாமல் நீரை மாற்றுக. நீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வேரையும் அலசி, போத்தலின் வாயைப் பஞ்சால் அடைத்திடுக.

வெட்டு நிறுத்திய மரங்களில் மங்கைக் கவிழ்த்து வைப்பது பால்வெட்டுத் தொழிலாளர் அறிந்த வழக்கமே. நிரையில் காட்டும் அதே விழிப்பை வீட்டுச் சாளரத்திலும் காட்டுவோமாக. செடியும் செழிக்கும், குழந்தைகளும் நலமுடன் இருப்பர்.