டப்பா பியருக்கு அடுத்த படி

டப்பா கிட் வைத்து வீட்டிலேயே ஆறு முறை பியர் காய்ச்சிவிட்டேன். குடிக்கலாம், ஆனால் எல்லாம் ஒரே சுவை. அடுத்து என்ன செய்யலாம்? – வாசகர், மெல்பர்ன்

முதலில் சர்க்கரையைக் கைவிடுங்கள். டப்பாவோடு ஒரு கிலோ சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். ஈஸ்ட் அதை முழுவதும் தின்று தீர்த்துவிடும். நாக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. பதிலாக அதே அளவு மால்ட் தூள் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பியருக்கு உடம்பு பிடித்துவிடும்.

அடுத்து, ஹாப்ஸ் சேர்க்காத மால்ட் சாறு வாங்கி, ஹாப்ஸை நீங்களே போட்டுக் கொதிக்க வையுங்கள். 60 நிமிடம் கொதித்தால் கசப்பு இறங்கும். அடுப்பை அணைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போட்டால் மணம் நிற்கும். ரசத்தில் கொத்தமல்லியை இறக்கும்போது தூவுகிறோமே, அதே கணக்குதான். நெடுநேரம் கொதித்தால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும்.

கை பழகியதும் தானியத்துக்கு வாருங்கள். உடைத்த பார்லி மால்ட்டைத் துணிப்பையில் கட்டி, 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மாவுச்சத்து தானே சர்க்கரையாக மாறும். பையைத் தூக்கிவிட்டு அந்தச் சாற்றைக் கொதிக்க வைக்க வேண்டியதுதான். இந்தப் பை முறையைப் பரப்பியவர்களே உங்கள் ஆஸ்திரேலியாவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள்தான்!

ஆனால் எதை மாற்றினாலும், புளிக்கும் சூடு தப்பினால் சுவை கெடும். ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். மெல்பர்ன் கோடையில் அது தானாகக் கிடைக்காது. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்குங்கள். புதுப் பாத்திரமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.