ஐ.பி. விலாசங்களும் அவற்றின் கணக்கும்

கரமனையின் அக்கிரகாரத் தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வாடகைக்குக் குடியிருப்போர் மாறினும் வீட்டின் எண் மாறுவதில்லை. ஆதலால், பழைய கடிதம் ஒன்றில் கண்ட எண்ணைக் கொண்டு, இன்று அவ்வீட்டில் வசிப்பவரே அதை எழுதியவர் எனக் கூறுதல் தவறாகும். கடிதம் எழுதப்பட்ட நாளில் அங்கே குடியிருந்தவர் யார் என்பதையே அறிதல் வேண்டும். இணையத்தில் வழங்கும் ஐ.பி. விலாசத்திற்கும் இது பொருந்தும்.

கம்பியில்லா முறையில் இணைய வசதி அளிக்கும் சிறு நிறுவனம் ஒன்று, கரமனையிலும், நாகர்கோவில் செல்லும் சாலையில் அதற்கு அப்பாலுள்ள பாப்பனங்கோடு, நேமம் ஆகிய இடங்களிலும் ஒவ்வொரு கோபுரத்தை நிறுவி, 600 வாடிக்கையாளருக்கு இணைப்பு வழங்குவதாகக் கொள்வோம். இவர்களுக்கு விலாசங்களை எவ்வாறு பங்கிடுவது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

விலாசப் பஞ்சம்

இன்றும் பெருவழக்கிலுள்ள ஐ.பி. நான்காம் பதிப்பில் ஒரு விலாசம் 32 இரும இலக்கங்களால் ஆனது. எனவே மொத்தம் 429,49,67,296 விலாசங்களே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ஆம் நாள் தீர்ந்துவிட்டது. இந்தியாவில் விலாசங்களைப் பகிர்ந்தளிப்பது நிக்ஸி அமைப்பைச் சேர்ந்த ஐரின் என்னும் பதிவகமாகும். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் 2019 முதல், புதிதாக விண்ணப்பிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு இவ்வகையில் 512 விலாசங்களுக்கு மேல் கிடைப்பதில்லை. ஆகவே நமது நிறுவனம் 600 பேருக்கும் தனித்தனியே பொது விலாசம் வழங்க இயலாது.

உள் விலாசங்கள்

இக்குறையைப் போக்கவே, 2012 ஏப்ரலில் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள 41,94,304 விலாசங்கள், இணைய நிறுவனங்களின் உள் உபயோகத்திற்கென ஒதுக்கப்பட்டன. இவை வெளி இணையத்தில் செல்லா. 192.168 எனத் தொடங்கும் விலாசங்களை இங்கு உபயோகித்தல் நன்றன்று. வாடிக்கையாளர் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் அவற்றையே கையாளுவதால், வீட்டிற்கு உள்ளும் வெளியும் ஒரே எண் அமைந்து குழப்பம் நேரும்.

இவ்வுள் விலாசங்களைக் கோபுரவாரியாகப் பிரித்தல் சிறந்தது. கரமனைக்கு ஒரு தொகுதி, பாப்பனங்கோட்டிற்கு ஒன்று, நேமத்திற்கு ஒன்று என அமைத்தால், எண்ணைக் கண்டவுடனே இடம் விளங்கும். மூன்று இடங்களையும் ஒரே வலையாக விட்டுவிட்டால், எல்லோருக்குமாக அனுப்பப்படும் அறிவிப்புச் செய்திகள் மூன்று கோபுரங்களிலும் ஒலிபரப்பாகி, கம்பியில்லா அலைவரிசையின் நேரத்தை வீணாக்கும். ஓரிடத்துப் பழுதும் மற்ற இடங்களுக்குப் பரவும்.

ஒரு விலாசத்தைப் பலர் பகிர்தல்

பொது விலாசம் ஒவ்வொன்றிலும் 65,536 போர்ட் எண்கள் உள்ளன. முதல் 1,024 எண்களை விலக்கினால் எஞ்சுவன 64,512. இவற்றை 64 வாடிக்கையாளருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு 1,008 எண்கள் கிடைக்கும். ஒரு குடும்பத்திற்கு இது பொதுவாகப் போதும்; கருவிகள் மிகுந்த இல்லத்திற்கு மற்றொரு பங்கும் அளிக்கலாம். இக்கணக்கின்படி 600 பேருக்கு 10 பொது விலாசங்களே போதுமானவை. ஒவ்வொருவரின் பங்கும் முன்னரே வரையறுக்கப்படுவதால், இணைப்புத்தோறும் தனிக் குறிப்பு எழுதும் தேவையும் இல்லை.

ஆனால் பகிர்தலில் ஓர் அபாயம் உண்டு. வெளியிலிருந்து நோக்குவோருக்கு 64 குடும்பங்களும் ஒன்றாகவே தோன்றும். போர்ட் எண் குறிப்பிடாமல், "இவ்விலாசம் யாருடையது?" என வினவினால், உண்மையான விடை 64 பெயர்களே. அவற்றுள் ஒன்றை ஊகித்து எழுதலாகாது.

பிழையின் விலை

2007இல் பெங்களூரில் மென்பொருள் பொறியாளர் ஒருவர், இணையத்தில் வெளியான இழிவான படம் ஒன்றின் தொடர்பாகப் புனே போலீசாரால் கைது செய்யப்பட்டார். ஐ.பி. விலாசத்தைப் பற்றி அளிக்கப்பட்ட விவரம் பிழையானது என்பது பின்னரே புலப்பட்டது. அதற்குள் குற்றமற்ற அவர் ஏறத்தாழ 50 நாட்களைச் சிறையில் கழித்துவிட்டார்.

ஆகவே பதிவேட்டில் வாடிக்கையாளர் பெயர், உள் விலாசம், பொது விலாசம், போர்ட் எல்லை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் ஆகிய ஆறும் இருத்தல் வேண்டும். நேரத்தில் தனிக் கவனம் தேவை. சர்வதேச நேரப்படி இரவு 8 மணிக்கு நிகழ்ந்தது, இந்திய நேரப்படி மறுநாள் அதிகாலை 1.30 மணிக்கு நிகழ்ந்ததாகும். இவ்வேறுபாட்டை மறந்தால் பழி வேறொருவர் மேல் விழும். 2022 ஏப்ரல் 28ஆம் நாள் செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் காக்கவும், கடிகாரங்களைத் தேசிய பௌதிக ஆய்வகம் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடு இசைவிக்கவும் பணிக்கிறது. உரிம நிபந்தனைகள் இதனினும் நீண்ட காலம் கோருகின்றன.

ஆறாம் பதிப்பு

ஐ.பி. ஆறாம் பதிப்பில் விலாசம் 128 இரும இலக்கங்களால் ஆனது. மொத்த விலாசங்களின் தொகை 39 இலக்க எண்ணாகும். இதில் நிறுவனங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஒரு தொகுதியைக் கொண்டே 65,536 வாடிக்கையாளருக்குத் தனித்தனிப் பெரும் பிரிவுகளை வழங்கலாம், பகிர்தல் வேண்டியதில்லை. எல்லாத் தளங்களும் இதனை இன்னும் ஏற்காமையால், சிறிது காலம் இரு பதிப்புகளையும் ஒருங்கே நடத்துதல் அவசியமாகும்.

நிறுவனத்தார் மாதம் ஒருமுறை ஓர் எளிய சோதனை நடத்தலாம். கடந்துபோன ஒரு நொடியையும், ஒரு பொது விலாசத்தையும், ஒரு போர்ட் எண்ணையும் தேர்ந்து, அவை யாருக்கு உரியன என்று ஊழியர் இருவரைத் தனித்தனியே கண்டறியச் செய்க. இருவரும் ஒரே பெயரைக் கூறினால் பதிவேடு செம்மையாக உள்ளது. விடைகள் மாறுபடின், கணக்கைத் திருத்தும்வரை புதிய இணைப்புகளை நிறுத்தி வைத்தலே முறையாகும்.