கர்ப்ப வாரங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அவ்வப்போது ஒரு சங்கடமான மௌனம் நிலவுவதுண்டு. வெளிநாட்டில் பணிபுரியும் கணவர் விடுப்பில் ஊர் திரும்பி நான்கு வாரங்கள்தாம் ஆகியிருக்கும். ஸ்கேன் அறிக்கையிலோ கர்ப்பம் ஆறு வாரம் என்றிருக்கும். கேட்கத் தயங்கும் கேள்வி அவர் முகத்தில் தெரியும். மனைவி தலை கவிழ்ந்து அமர்ந்திருப்பார். அறிக்கையில் பிழையில்லை; மனைவியிடமும் பிழையில்லை.

கருத்தரித்த நாளை உறுதியாக அறிந்தவர் மிகச் சிலரே. ஆகவே கடைசி மாதவிடாய் தொடங்கிய முதல் நாளையே மருத்துவம் தொடக்கமாகக் கொள்கிறது. 28 நாள் சுழற்சி உடையவருக்குச் சினைமுட்டை வெளிப்படுவது ஏறக்குறைய 14ஆம் நாளில். எனவே கணக்கின் முதல் இரண்டு வாரங்களில் கரு உருவாகியிருப்பதே இல்லை. ஆறு வாரக் கர்ப்பம் என்றால், கருத்தரித்து நான்கு வாரங்கள் என்பதே பொருள்.

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை மாதவிடாய் தொடங்கியதாகக் கொள்வோம். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியன்றும் ஒரு வாரம் நிறைவுறும். ஏப்ரல் 4 அன்று 12 வாரங்கள். ஒன்பது மாதங்களும் ஏழு நாட்களும் கூட்டினால் அக்டோபர் 17. அது 280ஆம் நாள், அதாவது 40 வாரங்கள். (28 நாட்களை ஒரு மாதமாகக் கொண்டால் இது சரியாகப் பத்து மாதம். நம் பாட்டிமார் கணக்கும் தவறன்று.) அந்தத் தேதியிலேயே பிரசவிப்போர் மிகக் குறைவு; 37 வாரங்களுக்கு முன் பிறந்தால்தான் குறைமாதம்.

நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவதே பலர் செய்யும் தவறு. அதில் நான்கு வாரங்கள் குறைந்துவிடும். ‘ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது’ என்று மாதமாகச் சொல்வதும் எங்களுக்குப் போதாது. 34 வாரங்களுக்கு முன் பிரசவ வலி கண்டால், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசி போடுவது போன்ற முடிவுகள் வாரக் கணக்கையே சார்ந்துள்ளன.

மாதவிடாய் சீரற்றவர்களுக்கும், பாலூட்டும் காலத்தில் கருவுற்றவர்களுக்கும் இக்கணக்கு பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனே நம்பத்தக்கது. அப்போது தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தில் குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிகக் குறைவு. அதனால் உறுதிசெய்த பிரசவ தேதியைப் பிற்காலத்து ஸ்கேனைக் கண்டு மாற்றலாகாது. 34ஆம் வாரத்தில் எடுத்த அறிக்கை ‘31 வாரம்’ என்று காட்டினால், தேதி தவறு என்று குடும்பத்தார் ஆறுதல் கொள்கின்றனர். உண்மையில் குழந்தையின் வளர்ச்சி குன்றியிருக்கலாம். அதை உடனே ஆராய வேண்டும்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண்கள் சேலை, நகைகளை மறப்பதில்லை. முதல் ஸ்கேன் அறிக்கையைத்தான் மாமியார் வீட்டு அலமாரியிலேயே விட்டுச் செல்கின்றனர். அங்கே உங்களை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.