எச்சரிக்கைச் சொற்களைக் கற்பித்தல்

தமிழாசிரியராகிய நாம் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என அன்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடையாக, எமது வகுப்பறையில் எம்மால் நேர்ந்த பிழையொன்றையே முதலிற் கூறுகின்றோம்.

எதிர்மறை முன்னொட்டைக் கற்பிக்குங்கால், நீதி அநீதியாவதும் சுத்தம் அசுத்தமாவதும் போல, ஆங்கிலத்திலும் ‘கறெக்ட்’ என்பது ‘இன்கறெக்ட்’ ஆகும் என ஒப்புமை காட்டுதல் எமது நெடுநாள் வழக்கம். மாணாக்கர் அதனை விரும்பிக் கேட்பர். அவ்வாறு கேட்டவருள் ஒருவர் கல்லூரியை விட்டு நீங்கியபின், மோட்டார் வண்டி திருத்தும் நிலையமொன்றிலே தொழில் பழகச் சேர்ந்தார். 2022 ஆம் ஆண்டில், நாடெங்கும் நீண்ட மின்வெட்டு நிலவிய நாள்களில், ஓரிரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் தின்னரைக் கொண்டு இயந்திர உறுப்பொன்றைக் கழுவியிருக்கின்றார். பேணியின்மேல் ‘இன்ஃபிளேமபிள்’ எனச் சிவப்பெழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை அவர் வாசியாமல் விட்டாரல்லர். வாசித்தார், எமது விதிப்படி பொருளும் கொண்டார். ‘ஃபிளேம்’ என்பது தீச்சுவாலை. ‘இன்’ என்பது எதிர்மறை. ஆகவே இது தீப்பற்றாதது! வலக்கையில் தழும்போடு எம்மைக் காண வந்தபோது அவர் இதனைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அச்சொல்லிலுள்ள ‘இன்’ எதிர்மறையன்று. தீமூட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையொன்றினின்றும் வந்த அச்சொல்லில், அஃது உள்ளே என்னும் பொருளுடையது. ஆகவே ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ என்னும் இரண்டும் எளிதிற் தீப்பற்றுவது என்னும் ஒரே பொருளன. தீப்பற்றாததனைக் குறிக்க ‘நொன்’ என்பதை முன்னே சேர்த்தல் வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் இதில் மயங்குவதுண்டு. ஐக்கிய நாடுகள் நிறுவனம் 2003 ஆம் ஆண்டு வெளியிட்ட இரசாயனப் பொருட்களின் அடையாள முறையில் ‘ஃபிளேமபிள்’ என்பதே ஆளப்படுகின்றது. எனினும், பழைய சொல் பேணிகளிலும் பலகைகளிலும் முற்றாக மறைந்துவிடவில்லை.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் யாம் கண்ட உண்மை யாதெனில், அருஞ்சொற்களைக் காட்டிலும் அறிந்த சொற்களே தொழிலிடத்தில் மாணாக்கரை ஏமாற்றுகின்றன என்பதே. அறியாத சொல்லைக் கண்டவன் பிறரை வினவுவான். அறிந்த சொல்லைக் கண்டவன் வினவான். ‘கிளியர்’ என்றால் தெளிவு என்று கற்றவன், ‘ஸ்டாண்ட் கிளியர்’ என்னும் பலகையைக் கண்டு விலகி நிற்பானா? ‘லைவ்’ என்பது உயிருள்ளது, மின்கம்பிக்கு உயிரேது? ‘காட்’ என்பவர் புகையிரதத்திற் கொடி காட்டுபவர். ஆனால் அரைக்கும் இயந்திரத்தின் ‘காட்’ விரல்களைக் காக்கும் மூடி. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களை அடைத்துக் காத்தல் வேண்டும் என விதிக்கின்றது. ஆங்கிலத்தில் அங்கே வரும் சொல் ‘ஃபென்ஸ்’. எம்மவர்க்கோ அச்சொல்லைக் கேட்டமாத்திரத்தில் கிடுகும் கதியாலுமே கண்முன் தோன்றும். ‘லுக் அவுட்’ என்று கூவக் கேட்டுத் தலையை வெளியே நீட்டியவர் கதையை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்க மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப் தீக்காப்புறுதிக் கம்பனியொன்றிற் பணியாற்றியவர். தீ விபத்துகளின் காரணங்களை ஆராய்ந்த அவர், பெற்றோல் நிறைந்த பரல்களுக்கருகே மிக அவதானமாக நடப்போர், ‘எம்ட்டி’ எனப்பட்ட வெற்றுப் பரல்களுக்கருகே புகைபிடித்துத் துண்டை எறியத் தயங்காமையைச் சுட்டிக்காட்டினார். வெற்றுப் பரலிற் பெற்றோல் இல்லை. ஆயின் அதன் ஆவி எஞ்சியிருக்கும், அது காற்றோடு கலந்தால் வெடிக்கும். ஆங்கிலேயே பிறந்து வளர்ந்தோரையே அச்சொல் ஏமாற்றிற்றென்றால், பாடநூலிற் கற்ற எம் மாணாக்கர் என் செய்வர்!

சொல்லின் அளவும் கற்பிக்கப்படல் வேண்டும். ‘டேஞ்சர்’, ‘வோர்னிங்’, ‘கோஷன்’ என்னும் மூன்றையும் ‘கவனம்’ என்ற ஒன்றாகவே எம்மவர் பெயர்த்துவிடுகின்றனர். அமெரிக்க நியமத்தின்படி, தவிர்க்காவிடின் மரணமோ கடுங்காயமோ நேரும் என்பது முதலாவது. அவை நேரக்கூடும் என்பது இரண்டாவது. சிறு காயமோ நடுத்தரக் காயமோ நேரக்கூடும் என்பது மூன்றாவது. மேற்சொன்ன ஐக்கிய நாடுகள் முறையில் முதலிரண்டு சொற்களே உள.

இனித் தமிழாசிரியர்க்கே உரியதொரு பொறுப்பைக் கூறுவோம். ‘நிறுத்த வேண்டாம்’ என்று நாம் சொல்லுங்கால், நிறுத்துதல் தவறு என்பதும் பொருளாகலாம். நிறுத்துவது அவசியமில்லை என்பதும் பொருளாகலாம். ஆங்கிலத்தில் முன்னது ‘மஸ்ட் நொட்’, பின்னது ‘நீட் நொட்’. இரண்டையும் ‘வேண்டாம்’ என்றே பெயர்த்துப் பழகிய மாணவனுக்குத் தடையும் சலுகையும் ஒன்றாகிவிடுகின்றன. ஆதலின் எமது வகுப்பில் முன்னதற்குக் ‘கூடாது’ எனவும், பின்னதற்கு ‘வேண்டியதில்லை’ எனவும் எழுதுமாறு வற்புறுத்துகின்றோம். இது தமிழ்ப் பாடமே. ஆங்கில ஆசிரியர்மேற் சுமத்தத் தக்கதன்று.

கற்பிக்கும் முறையிலும் மாற்றஞ் செய்துள்ளோம். பலகையிலே எழுதிய எச்சரிக்கைக்குப் பொருள் கூறினால் மட்டும் புள்ளி வழங்குவதில்லை. அதனைக் கண்டவன் செய்வதைச் செய்துகாட்டல் வேண்டும். ‘ஸ்டாண்ட் கிளியர்’ என்றதும் வகுப்பு முழுதும் மேசையினின்று விலகி நிற்கும். ‘டக்’ என்று திடீரெனக் கூவினாற் குனிதல் வேண்டும். வாத்தை நினைப்பவன் அன்று தோற்றான். பக்கத்து வகுப்பாசிரியர் இவ்வாரவாரத்தைப் பற்றி ஒருமுறை குறைகூறினார்; பின்னர் தாமே வந்து பார்த்துச் சென்றார்.

பாடத்துக்கு வேண்டிய பேணிகளின் மேலுறைகளை மேற்சொன்ன பழைய மாணவரே சேர்த்து அனுப்புகின்றார். முதலிற் பேணிகளையே கொண்டுவந்தார். வெறும் பேணிகள்தாமே என்று நாமும் ஏற்க முற்பட்டோம். அவற்றிலும் ஆவி இருக்கும் ஐயா என்று அவரே தடுத்து, மேலுறைகளை மாத்திரம் உரித்துத் தந்துவிட்டுப் பேணிகளைத் திரும்ப எடுத்துச் சென்றார்.