சீலிங்கைத் தட்டிப் பாருங்கள்

2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது சென்னையை ஒட்டிய அனகாபுத்தூரில் தண்ணீர் புகுந்த வீடுகள் ஏராளம். வடிந்தபின் வெள்ளையடித்தாயிற்று. உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்பதை வெள்ளை சொல்லாது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளித் தள்ளி ஒருநாள் பெயர்த்துவிடும். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது சத்தம்தான். மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தை.

கால் கிலோ சுத்தியல், சாக்பீஸ், ஆடாத ஏணி, அதைப் பிடிக்க ஒரு ஆள், ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி. இவ்வளவு போதும். ஏற்கெனவே தொங்கும் இடத்தைத் தட்டாதீர்கள்; அதற்கு வேண்டியது முட்டு, சோதனையல்ல. ஃபேன், டிவியை நிறுத்துங்கள். அனகாபுத்தூர் விமான நிலையத்தை ஒட்டிய ஊர். விமானம் இரையும்போது கையையும் நிறுத்துங்கள்.

முதலில் காதைப் பழக்க வேண்டும். கறையோ வெடிப்போ இல்லாத இடத்தில் பத்துமுறை தட்டுங்கள். ‘ணங்’கென்று கேட்கும், சுத்தியல் துள்ளித் திரும்பும். பிறகு ஓரடிக்கு ஓரடி கட்டம் போட்டு, ஒரே விசையில் தட்டிக்கொண்டே போங்கள். ‘பொத்’தென்று அடங்கினால் அங்கேயே நின்று, நெருக்கமாகத் தட்டி, நல்ல சத்தம் தொடங்கும் எல்லையைச் சாக்பீஸால் வளையுங்கள். குளியலறைக்குக் கீழே, சன்ஷேடின் அடிப்புறம், மாடிப்படியின் அடி, தூணின் கீழ் மூன்றடி ஆகியவற்றில் அரையடிக்கு ஒரு தட்டு.

பலர் இடறுவது இதற்குப் பிறகுதான்: பொக்கு பூச்சிலா, கான்கிரீட்டிலா? சத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல அனுபவமுள்ள கொத்தனாரே தயங்குவார். வட்டத்துக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டையே தட்டுங்கள். (தட்டிப் பார்ப்பதை இடிக்காத சோதனை என்பார்கள்; அந்தப் பெயருக்கு இது சின்னக் களங்கம், பரவாயில்லை.) கெட்டியாகக் கேட்டால் பூச்சு வேலையோடு போயிற்று. அப்போதும் பொத்தென்றால் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், பிரிந்திருக்கிறது. வீட்டுத் தளங்களில் அது 20 மில்லிமீட்டர் அளவுதான். பொறியாளரைக் கூப்பிடுங்கள். மேலே புதுப்பூச்சு பூசினால் சரியாகிவிடும் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

ஆழத்தில் உள்ள பிளவு காதில் விழாது. அதற்காக 1980களில் அமெரிக்காவில் மேரி சான்சலோன், நிக்கோலஸ் கரீனோ ஆகியோர் உருவாக்கியது இம்பாக்ட்-எக்கோ. சிறு இரும்புக் குண்டால் தட்டி, பக்கத்தில் வைத்த சென்சாரில் அதிர்வைப் பிடிப்பார்கள். அலை வேகத்தை அதிர்வெண்ணின் இருமடங்கால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். வேகம் நொடிக்கு 4000 மீட்டர் என்றால், 125 மில்லிமீட்டர் தளம் சுமார் 16,000 ஹெர்ட்ஸில் அதிரும். 75 மில்லிமீட்டரில் பிளவிருந்தால் எதிரொலி அங்கேயே திரும்பி 26,000க்கு மேல் போகும். நம் காதுக்கு 20,000தான் உச்சம்.

நீங்கள் கூப்பிட்ட பொறியாளர் ரீபவுண்ட் சுத்தியலை மட்டும் கொண்டுவந்தால் மேற்பரப்பின் கடினத்தைத்தான் அளப்பார். உள்ளே ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனைக்கு ஐ.எஸ். 516, பாகம் 5, பிரிவு 1 என்ற 2018ஆம் ஆண்டுத் தரநிலை இருக்கிறது. அதன்படி செய்வாரா என்று கேளுங்கள். ஒரே சராசரி எண்ணை ஏற்காதீர்கள். ஒவ்வொரு சாக்பீஸ் வட்டத்துக்கும், பக்கத்து நல்ல இடத்துக்கும் தனித்தனி அளவு வேண்டும். வட்டங்களை டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஐப்பசி மழை ஓய்ந்ததும் மறுபடி தட்டும்போது, பெருத்தது எது என்று தெரியும்.