புகைக்கொடி

ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் வழியில் ஏதாவதொரு தேயிலைத் தொழிற்சாலையின் புகைக்குழாயைப் பாருங்கள், தோழியரே. புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். அதைக் கண்டு, தொழிற்சாலை மறுபக்கம் ஓடுகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்றுதான் அறிந்துகொள்கிறோம். வால்வெள்ளி விடயத்தில் மட்டும் ஏமாந்துவிடுகிறோம். 'வால்' என்று பெயர் வைத்துவிட்டதால், அது ஓடும் குதிரையின் வாலைப்போலப் பின்னால் இழுபடுவதாக நினைக்கிறோம்.

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் இதற்குப் 'புகைக்கொடி' என்று பெயர். வடமொழியின் 'தூமகேது'வுக்கும் அதே பொருள்தான். அன்று அதைக் கேட்டின் அறிகுறியாகக் கண்டார்கள். அந்த அச்சம் நமக்கு வேண்டாம், பெயர் வேண்டும். புகையும் கொடியும் காற்றடிக்கும் பக்கம் போகிறவை அல்லவா?

வால்வெள்ளியின் கரு, தூசு கலந்த பனிக்கட்டி. ஹேலியின் கரு சுமார் 15 கிலோமீற்றர் நீளமே. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசையும் கிளப்பிவிடுகிறது. ஆவியில் ஒரு பகுதி மின்னேற்றம் பெற்று அயன்களாகிறது. சூரியனிலிருந்து செக்கனுக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகத்தில் வரும் துகள் ஓட்டமான சூரியக் காற்று, அந்த அயன்களைச் சூரியனுக்கு நேர் எதிர்ப்புறமாக அடித்துச் செல்கிறது. நீல நிறமான நேர் வால் இதுதான். தூசைத் தள்ளுவதோ சூரிய ஒளியின் அழுத்தம். அது மென்மையான தள்ளல். ஆகவே தூசு மெல்ல விலகி, பாதையில் பின்தங்கி, வளைந்த வெளிர்மஞ்சள் வாலாகிறது. 1997இல் ஹேல்-பொப் வால்வெள்ளியில் இரண்டும் தனித்தனியே தெரிந்தன. 1951இல் லுட்விக் பியர்மன், அயன் வால்களை ஆராய்ந்தே, சூரியனிலிருந்து இடைவிடாமல் துகள்கள் வருகின்றன என்றார். விண்கலங்கள் அதை அளந்தது பிறகுதான்.

சூரியனைச் சுற்றித் திரும்பிப் போகும் வால்வெள்ளிக்கு வால் முன்னே போகும் என்பதும் இதனால்தான்.

சுச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளி 2024 செப்டெம்பர் 27இல் சூரியனுக்கு மிக அருகில் வந்தது. அந்நாட்களில் அது சுபஹ் வேளையில், பிரட்டுக்குப் போகிறவர்கள் தேத்தண்ணீர் வைக்கும் நேரத்தில், கீழ்வானில் இருந்தது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே; ஆகவே வால் மேல்நோக்கி நின்றது. விடியலில் வால்தான் முதலில் எழும், தலை பிறகு. மலை மறைக்கும் நம் ஊர்களில் இது நினைவிருக்க வேண்டியது: தலை முகட்டுக்குப் பின்னால் இருக்கும்போதே வால் தெரியக்கூடும். ஒக்டோபர் நடுவில் அது மாலை வானத்துக்கு மாறியபோது, தலை முதலில் மறைய, வால் கடைசியாக மறைந்தது.

வாலின் நீளமும் நாம் பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. நம்மை நோக்கி நீண்டிருக்கும் வால், கோடிக்கணக்கான கிலோமீற்றர் இருந்தாலும் குட்டையாகவே தெரியும்.

அதே ஒக்டோபரில் சூரியனை நோக்கியும் மெல்லிய ஊசிபோல ஒரு வால் படங்களில் தெரிந்தது. காற்று திரும்பி வீசவில்லை. வால்வெள்ளி தன் பாதைத் தளத்தில் விட்டுவந்த பெருந்தூசு தட்டையாகப் பரந்து கிடந்தது. பூமி அத்தளத்தைக் கடந்தபோது, ஒரு தாளை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதுபோல, அது நமக்கு ஒற்றைக் கோடாகத் தெரிந்தது. ஒக்டோபரின் பின்னேர மழையும் மூட்டமும் நம் மலைகளில் எத்தனை பேரை அதைப் பார்க்க விட்டிருக்கும்!