வடபுலத்துப் பழஞ்சமயம்

ஆயிரம் ஆண்டுகள் வழக்கொழிந்து கிடந்த ஒரு சமயம் மீண்டும் உயிர்பெற முடியுமா? முடியும் என்பதற்கு ஐஸ்லாந்துத் தீவு சான்றாக நிற்கிறது.

கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு மக்கள் மன்றத்தில், கிறித்தவத்தை ஏற்பதா, பழைய தெய்வங்களையே போற்றுவதா என்று பூசல் மூண்டது. தீர்ப்புக் கூறும் பொறுப்பு தோர்கெயர் என்பவரிடம் விடப்பட்டது. அவரோ பழஞ்சமயத்தவர். எனினும், நாடு பிளவுபடலாகாது என்று கருதி, அனைவரும் கிறித்தவராகுக எனத் தீர்ப்பளித்தார். பழஞ்சமயம் மெல்ல மறைந்தது. அதன் கதைகள் மட்டும் 13-ஆம் நூற்றாண்டில் 'எட்டா' என்னும் நூல்களாக ஏட்டில் ஏறின.

அந்நூல்களைத் துணையாகக் கொண்டு 1972-இல், குடியானவரும் கவிஞருமான சுவெயின்பியோர்ன் பெயின்டெயின்சன், தோழர் சிலருடன் 'ஆசாத்ரூ' சங்கத்தைத் தோற்றுவித்தார். 1973-இல் அரசு அதனை ஏற்றது. இன்று அதன் உறுப்பினர் 5,000-க்கு மேற்பட்டோர்.

இச்சமயத்தார் ஓடினை அறிவுக்கும், தோரைக் காவலுக்கும், பிரெயரை விளைச்சலுக்கும் உரிய தெய்வங்களாகப் போற்றுவர். தெய்வங்களும் ஊழுக்கு உட்பட்டவையே. இறுதிப் போரில் அவையும் மாளும். அவ்வூழோ, முன்னோர் செயலும் நம் செயலும் சேர்ந்து நெய்த துணி போன்றது என்பர்.

'புளோட்' என்பது இவர்தம் பருவ விழா. திறந்த வெளியில் தீ மூட்டிப் பழம்பாடல் ஓதுவர்; கொம்புக் கிண்ணத்தில் மதுவைச் சுற்றிவிட்டு, ஒரு பங்கை நிலத்தில் வார்ப்பர்; பின்னர் கூடி உண்பர். பலி இல்லை. 'சும்பல்' என்னும் சடங்கில், கொம்பை ஏந்தித் தெய்வத்தையும் முன்னோரையும் வாழ்த்திச் சூளுரைப்பர்.

அமெரிக்காவில் 1976-இல் தோன்றிய 'தியோடிசம்' இதனைக் குடிச் சமயமாகவே அமைத்தது. தலைவனுக்கும் குடிமக்களுக்கும் இடையே ஆணையே கட்டு. ஒருவன் சொல் தவறினால் குடி முழுவதன் நல்லூழும் குன்றும் என்பது அவர்கள் நம்பிக்கை.

'குடி' என்றால் யார்? இங்கேதான் சிக்கல் எழுகிறது. ஐரோப்பியக் குருதி உடையோர்க்கே இச்சமயம் உரியது என்று சில குழுக்கள் சாதிக்கின்றன. ஐஸ்லாந்துச் சங்கம் இதனை ஏற்கவில்லை. 2016-இல் பல நாட்டு அமைப்புகள் 'அறிக்கை 127' வாயிலாக, இனப் பாகுபாடு காட்டும் அமைப்பொன்றோடு தமக்கு உறவில்லை என அறிவித்தன. தீமையைக் கண்டால் வாய்மூடியிராதே என்னும் கருத்துடைய பழம்பாட்டின் எண்ணே 127.

விஞ்ஞானம் பயிலும் எனக்கு, குருதி வாதத்தை ஐஸ்லாந்தின் வரலாறே மறுப்பதாகத் தோன்றுகிறது. ஆயிரம் ஆண்டுகளாக அத்தீவில் முன்னோர் குருதி அறுபடாமல் ஓடியது, சமயமோ அறுந்துபோயிற்று. அதனை மீட்டுத் தந்தவை ஏடுகள். அவற்றை எழுதி வைத்தவர்களோ கிறித்தவர்கள்! மரபு உடலோடு ஒட்டிப் பிறப்பதன்று. கற்றும் கற்பித்தும் காக்கப்படுவது. தாயகம் விட்டு வந்து வாழும் நாமும் நினைவில் வைக்கத்தக்க உண்மை இது.